ஆம்பர் வாங்கும் முன்: சேலத்து வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் வெள்ளி வேலை செய்பவர்களும் நகை செய்யப் பழகுபவர்களும் ஆம்பர் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஆம்பர் கல் அல்ல. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய மரப்பிசின். நகைக்கு அதிகம் வருவது பால்டிக் கடலோரச் சரக்கு. ரஷ்யாவின் கலினின்கிராட், போலந்து, லித்துவேனியா பக்கம் கிடைப்பது. வயது ஏறத்தாழ 4 கோடி ஆண்டு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை): ஒரு வியாபாரி சாம்பிள் குடுத்துட்டுப் போயிருக்காருங்க. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பாருங்க, பிசின் வாசனை வந்தா அசல்னு சொன்னாரு. வாசனை வந்துச்சு. வாங்கிறலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. ஊசிச் சோதனை பிளாஸ்டிக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். கோபால் என்ற இளம் பிசினும் அதே மணம் தரும், சில நேரம் ஆம்பரைவிட நன்றாகவே மணக்கும். ஆம்பர் தூளைப் பிளாஸ்டிக் பிசினில் கலந்து வார்த்த மணியிலும் அந்த வாசனை வரும். உங்கள் வியாபாரி ஊசியை மட்டும் சொல்லியிருப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

செய்வதானால் துளைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யுங்கள், தழும்பு போகாது. கார்பாலிக் (கிருமிநாசினி) நெடி வந்தால் பேக்கலைட் வகை, பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக். பால் தீய்ந்த வாடை என்றால் கேசின் பிளாஸ்டிக். கற்பூர வாசனை வந்தால் ஊசியை உடனே எடுத்துவிடுங்கள், அது செல்லுலாய்டு, குப்பென்று தீப்பிடிக்கும்.

கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கிறதா என்று பார்ப்பதும் வீண். பிளாஸ்டிக்கும் இழுக்கும்.

கேள்வி (குகைப் பகுதி): உப்புத் தண்ணியில மிதக்கணும்ங்கறாங்க. எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பதில்: அளவுதான் இதில் எல்லாமே. 200 மில்லி தண்ணீரில் 35 கிராம் தூள் உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டு, முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். இந்தக் கரைசலின் அடர்த்தி 1.1-ஐ ஒட்டி இருக்கும். ஆம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை. ஆகவே ஆம்பர் மிதக்கும், அக்ரிலிக் (சுமார் 1.18), பேக்கலைட் (1.25 முதல் 1.30), கண்ணாடி (2.5 பக்கம்) எல்லாம் அடியில் போய் உட்காரும். உப்பைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுக் கரைசல் கெட்டியாகிவிட்டால் அக்ரிலிக்கும் மிதந்து உங்களை ஏமாற்றும்.

முதலில் வெறும் தண்ணீரில் போடுங்கள். அதில் ஆம்பர் மூழ்க வேண்டும். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் உள்ளே காற்றுக்குமிழி அதிகமாக இருக்கலாம், அல்லது அது லேசான பிளாஸ்டிக். பிறகுதான் உப்புத் தண்ணீர். மணியின் துளையில் காற்று ஒட்டியிருந்தால் பொய்யாக மிதக்கும். கரண்டியால் அமுக்கி, தட்டிவிட்டுப் பாருங்கள். கொக்கியோ வெள்ளிக் கூடோ இருக்கும் நகைக்கு இந்தச் சோதனை ஆகாது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், உப்பு காய்ந்து படிந்தால் பளபளப்பு மங்கும்.

மிதந்ததாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். கோபால் மிதக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும். மூழ்கியதைத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான்.

கேள்வி (அதே குகையிலிருந்து இன்னொருவர்): எங்ககிட்ட 0.01 கிராம் தராசு இருக்கு. அதை வச்சு ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாக. உப்புத் தண்ணீரைவிட இது நம்பகமானது. தராசின் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய சின்னத் தம்ளரை வைத்துப் பூஜ்யம் செய்துகொள்ளுங்கள். துண்டை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்தான் துண்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காற்றில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. காற்றில் 3.24 கிராம், தண்ணீரில் 3.03 என்று வந்தால் 1.07. அது ஆம்பரின் எல்லைக்குள். 1.25 வந்தால் பேச்சே வேண்டாம். 2 கிராமுக்குக் கீழ் உள்ள துண்டில் தராசின் சிறு பிசகே விடையை மாற்றிவிடும்; சின்ன மணிகளைப் பத்துப் பதினைந்தாகக் கோத்து ஒன்றாக நிறுங்கள்.

கேள்வி (கோட்டை): சின்னத்தா வளைகுடாவுல இருந்து ஒரு தஸ்பீஹ் மணிமாலை கொண்டுவந்தாரு, ஆம்பர்னு குடுத்தாங்களாம். 99 மணி, ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டர் உருண்டை. அறுக்காம, சுடாம கண்டுபிடிக்க வழி இருக்குங்களா?

பதில்: எடையே சொல்லிவிடும். 8 மில்லிமீட்டர் உருண்டை 99 இருந்தால் ஆம்பர் 28, 29 கிராம் வரும். துளைக்கு ஒரு கிராம்போலக் கழித்துக்கொள்ளுங்கள். பேக்கலைட் வகையானால் 33, 34 கிராம். குஞ்சத்தையும் பெரிய தலை மணியையும் சேர்க்காமல் நிறுக்க வேண்டும். மணிகளின் விட்டத்தை நாலைந்து இடத்தில் வெர்னியரில் அளந்து சராசரி எடுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலே எடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். எடை கூடுதலாக வந்தால் ஒரு மணியை வெந்நீரில் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பேக்கலைட் என்றால் கார்பாலிக் நெடி அடிக்கும். பழைய பேக்கலைட் தஸ்பீஹுக்கென்றே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் எதுவானாலும் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு): எங்க எஸ்டேட்டுல மரத்துல வழியற பிசின் தேன் நிறத்துல கண்ணாடி மாதிரி இருக்குங்க. காயவச்சு டாலர் செய்யலாமா? கோபால்னு சொல்றீங்களே, அதுவும் இதுதானா?

பதில்: முதலில் ஒரு துண்டை இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். வேலம் பிசின்போலக் கரைந்தாலோ பாதாம் பிசின்போல ஊதினாலோ அது கோந்து வகை. எத்தனை காலமானாலும் ஆம்பர் ஆகாது. தண்ணீருக்கு அசையாமல் இருந்தால் குங்கிலியம்போன்ற பிசின். ஆம்பரின் பிறப்பு அங்கேதான். ஆனால் மண்ணுக்கடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடந்து, ஆவியாகும் எண்ணெய் வெளியேறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கோடிக் கணக்கில் ஆண்டுகள் வேண்டும். பாதி வழியில் நிற்பதுதான் கோபால். கொலம்பியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. நகையில் வைத்தால் சில வருடத்தில் மேலே வலைபோல விரிசல் ஓடும். டாலர் வேண்டாம்.

பிரித்தறிய அசிட்டோன் போதும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இல்லாத வகையும் உண்டு. ஆய்வகப் பொருள் கடையில் சுத்த அசிட்டோன் வாங்குங்கள். மெருகில்லாத பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, உலர்ந்ததும் இன்னொரு சொட்டு விட்டு, விரலால் தொடுங்கள். பால்டிக் ஆம்பர் அப்படியே இருக்கும். கோபால் பிசுபிசுத்து விரல் ரேகை பதியும். பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் இளகும். கை பழகுவதற்கு நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் குங்கிலியம் வாங்கி அதில் செய்து பாருங்கள். பிசுபிசுப்பு எப்படியிருக்கும் என்பது அப்புறம் மறக்காது.

கேள்வி (அஸ்தம்பட்டி): உள்ளே முழு தேள் இருக்கிற ஆம்பர் டாலர், இரண்டாயிரத்துக்கு?

பதில்: பிளாஸ்டிக். அசலில் தேள் கிடைத்தால் அருங்காட்சியகம் தேடி வரும். அசலில் பெரும்பாலும் இருப்பது கொசு அளவுப் பூச்சி. பிசினில் சிக்கித் திமிறிய கோலத்தில், ஓரமாக, கால் மடங்கி, பக்கத்தில் தூசியும் பட்டைத் துணுக்குமாக இருக்கும். நட்ட நடுவே காலை விரித்துப் படுத்திருந்தால் வார்த்தது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: பால்டிக் சரக்கில் நட்சத்திரம்போலக் கிளை பிரிந்த நுண்ணிய ரோமங்கள் தெரிவதுண்டு, ஓக் மரத்தினுடையவை. போலி செய்பவர் அதைப் போட மெனக்கெடுவதில்லை.

கேள்வி (சிவதாபுரம்): பச்சை ஆம்பர், செர்ரிச் சிவப்பு ஆம்பர்னு விக்கறாங்க. உள்ளே தட்டுத் தட்டா மின்னுது. இதெல்லாம் இயற்கையா அண்ணா?

பதில்: தம்பி, அந்த மின்னும் தட்டுகள் சூடு பட்டதன் அடையாளம். உள்ளே இருந்த நுண்குமிழிகள் சூட்டில் வெடித்து வட்டமாக விரிந்தவை. சூடேற்றித் தெளியவைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம், அதில் தப்பில்லை. சொல்லி விற்க வேண்டும். செர்ரிச் சிவப்பும் பெரும்பாலும் சூட்டில் வந்ததே. பச்சையில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ஒன்று, சூடேற்றிய ஆம்பர், அடிப்பக்கம் கறுப்புப் பூச்சோடு. இல்லையென்றால் அழுத்தக் கலனில் சூடேற்றிய கோபால். அந்தக் கோபால் அசிட்டோனுக்குச் சட்டென்று இளகாது, அதனால் சொட்டை மட்டும் நம்பிப் பச்சை வாங்காதீர்கள்.

இன்னொன்று, அழுத்திச் சேர்த்த ஆம்பர். துண்டு துணுக்குகளைச் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி அழுத்தி ஒரே கட்டியாக்குவது. பொருள் ஆம்பர்தான், ஆகவே உப்பு, ஊசி, அசிட்டோன் மூன்றிலும் தேறிவிடும். விலையோ முழுத் துண்டின் விலையில் நிற்கக் கூடாது. விளக்குக்கு நேராகப் பிடித்து லென்ஸில் பாருங்கள்: துணுக்குகளின் பழைய மேல்தோல் ரத்த நாளம்போலச் செம்பழுப்புக் கோடாக ஓடும், குமிழிகள் ஒரே திசையில் நீண்டிருக்கும். எல்லா மணியும் ஒரே நிறம், ஒரே மேகம் என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி (ஓமலூர்): நோட்டு பார்க்கிற ஊதா டார்ச் போதுமா?

பதில்: 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். 365 வாங்குங்கள். இருட்டில் பால்டிக் ஆம்பர் நீலம் கலந்த பால்வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ ஒளிரும். வெட்டிய புதுப் பரப்பில் அதிகம், பழைய தோலில் மங்கல். பேக்கலைட் பெரும்பாலும் இருண்டே கிடக்கும். ஒளிரும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

கேள்வி (பட்டறை ஆசாரி, செவ்வாய்ப்பேட்டை): கல்லை வாங்கிட்டோம்னு வைங்க. மத்த கல்லு மாதிரி அரக்குல புதைச்சுப் பதிக்கலாமா?

பதில்: கூடாதுங்க. அரக்கை இளக்கும் சூடும், பிறகு அதைக் கழற்ற ஊற்றும் ஸ்பிரிட்டும் இரண்டுமே ஆம்பருக்கு ஆகாது. ஆம்பர் 150 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். வெள்ளிப் பொடி (பற்றவைக்கும் கலவை) உருகி ஓடுவதற்கு 600-க்கு மேல் வேண்டும். ஆகவே ஊதிப் பற்றவைப்பது, அமிலத்தில் போடுவது, கறுப்பேற்றுவது, மெருகு எல்லாம் கூட்டில் முடித்துவிட்டு, கடைசி வேலையாக ஆம்பரை வையுங்கள்.

கூட்டின் சுவருக்கு 92.5 வெள்ளி வேண்டாம், சுத்த வெள்ளியில் 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் தகடு போதும், மெத்தென்று மடியும். கல் அழுத்தாமல் உள்ளே இறங்கிக் காகித அளவு இடைவெளி இருக்கட்டும். சுத்தியல், உளி எடுக்காமல் மெருகுக் கம்பியால் எதிர் எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஒரே பக்கமாக முடித்துக்கொண்டு வந்தால் கடைசி மூலையில் கல் தெறிக்கும். கொக்கிப் பதிப்பு வேண்டாம். ஆம்பரின் கடினம் 2 முதல் 2.5, ஏறக்குறைய நகம் அளவுதான், முனை பட்டால் சில்லு பெயரும். தெளிந்த கல்லுக்கு அடியில் மெருகேற்றிய வெள்ளித் தகடு வைத்தால் நிறம் எழும்பி நிற்கும். வாடிக்கையாளர் பிறகு மோதிரத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தால் கல்லைக் கழற்றாமல் நெருப்பு காட்டாதீர்கள். அல்ட்ராசோனிக் (ஒலியதிர்வில்) கழுவுவது, நீராவியில் கழுவுவது இரண்டும் விலக்கு.

கேள்வி (கருப்பூர்): துளை போட்டா பிளந்துடுதுங்க.

பதில்: வேகம் அதிகம், சூடு தேங்குகிறது. 1 மில்லிமீட்டர் பிட், மெதுவான ஓட்டம், ஒரு சொட்டுத் தண்ணீர். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். பாதி தூரம் போனதும் மறுபக்கத்திலிருந்து துளைத்துச் சேருங்கள். பிட்டில் தூள் பசைபோல ஒட்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். வருகிற தூளையும் கவனியுங்கள்: ஆம்பர் வெண்மையாகப் பொடியும், பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். தேய்ப்பதற்கு எமரி தாள் 400, 800, 1200, 2000 என்று தண்ணீரோடு போய், கடைசியில் பருத்தித் துணியில் வெள்ளை டூத்பேஸ்ட். தாளில் பிசின் அப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் கையில் இருப்பது கோபால்.

கேள்வி (ஒரு தாய், ஃபேர்லேண்ட்ஸ்): பல் முளைக்கிற பாப்பாவுக்கு ஆம்பர் மாலை போட்டா வலி தெரியாதாமே?

பதில்: போடாதீங்கம்மா. வலி குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கழுத்து இறுகுவது, மணி தொண்டையில் அடைப்பது என்ற ஆபத்து உண்மை, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): பில்லுல என்ன எழுதி வாங்கணும்?

பதில்: “ஆம்பர்” என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பால்டிக்கா வேறு ஊரா, இயற்கையா, சூடேற்றியதா, அழுத்திச் சேர்த்ததா, மொத்த எடை எத்தனை கிராம், மணியின் அளவு என்ன, இவ்வளவும் இருக்க வேண்டும். “அசல் ஆம்பர்” என்று எழுதி அழுத்திச் சேர்த்ததை விற்பவர்தான் நம் தொழிலுக்குப் பெரிய கேடு. பிளாஸ்டிக் விற்பவரைப் பிடித்துவிடலாம். குஜராத் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து ஆம்பர் மலிவாகத் தருகிறேன் என்றாலும் ஒதுங்குங்கள். அது புதைபடிவ ஆய்வுக்குப் பேர்பெற்றது, நகைச் சரக்காகப் புழங்குவதல்ல. முதல் கொள்முதலைச் சிறிதாக வைத்து, அதில் இரண்டு மணியை உடைத்துச் சோதிக்க என்றே ஒதுக்குங்கள். பெரிய தொகை என்றால் ஜெய்ப்பூர்போன்ற இடத்திலுள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை கேளுங்கள். பால்டிக் ஆம்பருக்கு அந்த வரைபடத்தில் தனியான ஒரு தோள்பட்டை வடிவம் உண்டு. கோபாலும் பிளாஸ்டிக்கும் அதில் தப்ப முடியாது. சான்றிதழ் கைக்கு வரும்வரை பாக்கித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.