பழைய 16 எம்.எம். புரொஜெக்டரை ராயபுரத்து வீட்டில் வைத்து ஓட்ட முடியுமா?

கேள்வி: ராயபுரத்தில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. பழைய சாமான் கடையில் ஒரு பெல் அண்ட் ஹோவெல் 16 எம்.எம். புரொஜெக்டர் வருகிறது, கூடவே மூன்று ரீல். "பிளக்கைச் சொருகினா ஓடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது?

பதில்:

வாங்கலாம். ஆனால் அவரைப் பிளக்கைச் சொருக மட்டும் விடாதீர்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் பெரும்பாலும் சாவது அந்த முதல் சுவிட்சில்தான். உள்ளே கிரீஸ் கோந்து மாதிரி இறுகிக் கிடக்கும். மோட்டார் இழுக்கும், கியர் பல் போகும்.

பக்கவாட்டில் கையால் சுற்றுகிற ஒரு குமிழ் இருக்கும். அதை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். கேட்டின் (லேம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே பிலிம் போகும் சட்டம்) இடுக்கில் கிளா நகம், அதாவது பிலிம் துளையில் மாட்டி இழுக்கும் கொக்கி, எட்டிப் பார்த்து, கீழே இறங்கி, உள்ளே போய், மறுபடி மேலே வரவேண்டும். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் மூடியைக் கழற்றி வார்ம் கியரை (திருகு மாதிரி பல் வெட்டிய கியர்) பாருங்கள். பெல் அண்ட் ஹோவெலின் பிந்தைய மாடல்கள் பலவற்றில் இது நைலான். வயதாக ஆக நைலான் சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு சுருங்காது. அதனால் நீளவாக்கில் வெடித்துவிடும். டார்ச் அடித்தால் மயிரிழைக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த மெஷினை ஓட்டாதீர்கள், விலையிலும் பேரம் பேசுங்கள். மாற்று கியர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். இல்லையென்றால் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கியர் வெட்டுகிற லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். வார்மை மட்டும் தராமல் அதோடு கடிக்கிற கியரையும் சேர்த்துக் கொடுங்கள். ஜோடி இல்லாமல் செய்த கியர் ஓடும்போது கத்தும்.

இறுகிய கிரீஸைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, கியர்களுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் லேசாக, தண்டுகள் சுழலும் புஷ்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு. அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம். இருக்கிற கிரீஸைக் கரைத்துவிட்டு அது காய்ந்துபோகும். பெல்ட்டிலும் பிலிம் போகும் பாதையிலும் எண்ணெய் படக்கூடாது. பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தால், ஜார்ஜ் டவுன் பேரிங் கடைகளில் ரப்பர் ஓ-ரிங் கிடைக்கும். புல்லிகளைச் சுற்றி நூல் வைத்து அளந்து, 100-க்கு 5 பங்கு குறைவாக வாங்குங்கள்.

இனி கரண்ட். முதலில் வெடித்துப்போன பழைய ஒயரை வெட்டி எறிந்துவிட்டு எர்த் உள்ள மூன்று கோர் ஒயர் போடுங்கள். புரொஜெக்ஷன் லேம்பைக் கழற்றிவிட்டு, மோட்டார் சுவிட்சைப் போடாமல், 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் (கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி) வைத்து ஆம்ப்ளிபையரை மட்டும் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பழைய கண்டென்சர்தான். வால்வு ஆம்ப்ளிபையர் என்றால் பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். விவரம் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடிப்பலகையில் 110 வோல்ட், 60 சைக்கிள் என்று போட்டிருந்தால் டிரான்ஸ்பார்மர் வைத்தால் மட்டும் தீராது. மோட்டார் பிரஷ் இல்லாத இண்டக்ஷன் வகையாக இருந்தால் நம் 50 சைக்கிளில் மெதுவாகத்தான் சுற்றும்: நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 20. கதாநாயகி குரல் கட்டையாகிவிடும். அதற்குப் புல்லியின் அளவை மாற்ற வேண்டும். கார்பன் பிரஷ்ஷும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் உள்ள மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

லேம்ப் 24 வோல்ட் 250 வாட் ஹாலோஜன் என்றால் ஆயுசு சுமார் 50 மணி நேரம். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். படம் முடிந்ததும் லேம்பை அணைத்து, ஃபேனை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்ட பிறகே மெஷினை நகர்த்துங்கள்.

சத்தம் குறைந்தால் எல்லோரும் ஆம்ப்ளிபையரைத்தான் பிரிக்கிறார்கள். முதலில் எக்ஸைட்டர் லேம்பை, அதாவது பிலிம் ஓரத்துச் சவுண்ட் டிராக்கில் ஒளி பாய்ச்சும் சின்ன பல்பைப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் அதுதான் காரணம். பார்க்க எளிய வழி: பிலிம் இல்லாமல், சவுண்ட் டிரம் (சத்தம் படிக்கும் இடத்தில் பிலிம் சுற்றிப் போகும் உருளை) அருகே விழும் ஒளிக்கோட்டின் குறுக்கே ஒரு விசிட்டிங் கார்டை விசுக்கென்று ஆட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டப் டப்' என்று கேட்டால் லேம்ப், ஒளியை உணரும் செல், ஆம்ப்ளிபையர் மூன்றுக்கும் உயிர் இருக்கிறது.

பிலிம் மாட்டும்போது கேட்டுக்கு மேலும் கீழும் லூப், அதாவது தளர்வான வளைவு, விடவேண்டும். கேட்டில் பிலிம் நின்று நின்று போகிறது, டிரம்மில் ஒரே சீராகப் போகிறது; இரண்டுக்கும் நடுவே கீழ் லூப்தான் சமாதானம். 16 எம்.எம்.மில் சத்தம் படத்துக்கு 26 பிரேம் முன்னால், அதாவது ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளிப் பதிவாகியிருக்கும். கீழ் லூப் பெரிதானாலும் சிறிதானாலும் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். டிரம்மில் பிலிம் தளர்ந்தால் பாட்டு அலைபாயும்.

ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் கேட்டைத் துடையுங்கள். பிலிமிலிருந்து உதிரும் எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) அங்கே கல்லாக இறுகி, திரையில் மழை பெய்கிறதே, அந்தக் கோடுகளைப் போடும். சுரண்ட மூங்கில் குச்சி மட்டும். பிளேடு, ஸ்க்ரூடிரைவர் பட்டால் அந்தக் கீறல் வரப்போகும் எல்லா ரீலிலும் விழும்.

இனி அந்த மூன்று ரீல். டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நல்ல ரீல்களோடு சேர்த்து வைக்காதீர்கள், அதன் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். வாசனை இல்லாவிட்டாலும் சுருக்கத்தை அளந்துவிடுங்கள்: பிலிம் ஓரத்தில் 100 துளைகளின் நீளம் 762 மி.மீ. இருக்கவேண்டும். 754-க்குக் கீழே போயிருந்தால் ஓட்டினால் கிழியும். பழைய ஊமைப்பட மெஷினில் ஸ்ப்ராக்கெட்டுக்கு (பிலிமை நகர்த்தும் பல் சக்கரம்) இரண்டு பக்கமும் பல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள பேசும்பட ரீலை அதில் மாட்டினால் சவுண்ட் டிராக்கைக் குத்திக்கொண்டே போகும்.

கடைக்காரர் 35 எம்.எம். ரீலும் தருகிறேன் என்றால் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், தீப்பிடித்தால் தண்ணீரிலும் அணையாது. பூனாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

உங்கள் ஏரியாவில் மெஷினுக்கு உண்மையான எதிரி உப்புக்காற்று. கேட்டின் அழுத்துத்தகட்டில் ஒரு புள்ளி துரு வந்தாலே பிலிம் கீறும். காசிமேடு பக்கமிருந்து காற்று வரும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். லென்ஸை மட்டும் கழற்றி, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைக்கலாம். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னிவிடும். ரீல்களை மொட்டை மாடிக்குக் கீழே பரணில் போடாதீர்கள், சித்திரை வெயிலில் வெந்துபோகும். துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றி, படுக்கைவாட்டில் அடுக்குங்கள்.

மாதம் ஒருமுறை பிலிம் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள், லேம்பை அணைத்தபடி.