லாரி டர்போவும் போர்ஷே டர்போவும்: வாசகர் கேள்விகள்

போர்ஷே 911 டர்போ எஸ் காரின் புதிய வடிவம் 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் வெளிவந்தது. அதைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் லாரி டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) கழற்றி மாட்டுகிறவனிடம் ஜெர்மன் காரைப் பற்றிக் கேட்கிறார்களே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் படித்துப் பார்த்தால், பாதிக் கேள்விகள் நம் லாரியிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: என் லாரியிலும் டர்போ இருக்கிறது, எஞ்சினும் பெரியது. பிறகு அந்தக் காருக்கு மட்டும் 711 குதிரைத்திறன் எப்படி? (லாரி உரிமையாளர், தர்மபுரி)

இழுவையில் (டார்க்) உங்கள் வண்டி ஒன்றும் குறைந்ததில்லை, ஐயா. 250 குதிரைத்திறன் லாரிகள் பலவும் 800 நியூட்டன் மீட்டரைத் தொடும். இந்தக் காரின் இழுவையும் சரியாக 800தான். வித்தியாசம் சுற்றில் இருக்கிறது. லாரி டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே மூச்சு வாங்கும். 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினான இது, அதே இழுவையை 6,000 சுற்று வரை விடாமல் வைத்திருக்கிறது. குதிரைத்திறன் என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவது. கல் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவருக்கு லாரிக் கணக்கு, பறக்கிறவருக்குக் கார் கணக்கு.

கேள்வி: எலக்ட்ரிக் டர்போ என்கிறார்களே, அது விளம்பரப் பேச்சா, நிஜமா? (பொறியியல் மாணவர், ஓசூர்)

நிஜம். இந்தக் காரில் என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்த விஷயமே இதுதான்.

புகை வேகமாக வந்தால்தான் டர்பைன் சுற்றும். டர்பைன் சுற்றினால்தான் கம்ப்ரஸர் காற்றை அமுக்கும். அதனால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும். 1975ல் விற்பனைக்கு வந்த முதல் 911 டர்போவுக்கு 3 லிட்டர் எஞ்சின், 260 குதிரைத்திறன். மிதித்தால் சிறிது நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் முதுகில் அறைந்த மாதிரி தள்ளும். அது வளைவின் நடுவில் நடந்தால், எஞ்சின் பின்னால் இருக்கிற கார், வால் சுழன்று போகும். 2006ல் டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் வைத்தார்கள். குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறதே, அந்த வித்தைதான். தாமதம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

இப்போது டர்பைனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே, அதே ஷாஃப்ட்டில் ஒரு மின் மோட்டாரைச் செருகிவிட்டார்கள். புகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மோட்டாரே சுற்றிவிடும். புகை மிச்சமாக வரும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். லட்சம் சுற்றைத் தாண்டி, ஒரு பக்கம் கொதிக்கும் புகையை வைத்துக்கொண்டு ஓடும் ஷாஃப்ட்டில் மோட்டார்! பேரிங் தேய்ந்து வரும் லாரி டர்போக்களைத் தினமும் பார்க்கிற எனக்கு இது துணிச்சலாகத்தான் படுகிறது.

இன்னொன்று. இது பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் கார். ஹைப்ரிட் என்றதும் பெரிய பேட்டரி என்று நினைத்துவிடாதீர்கள். 1.9 கிலோவாட் மணிதான். உங்கள் ஓசூரில் தயாராகும் ஏதர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் சிறிய பேட்டரியே 2.9! இந்தக் காரை வீட்டில் பிளக் செருகிச் சார்ஜ் செய்யவும் முடியாது.

கேள்வி: தொப்பூர் கணவாயில் இந்தக் கார் எத்தனை நொடியில் 100 தொடும்? (பென்னாகரம்)

தம்பி, சமதளத்தில் 2.5 நொடி. நான்கு சக்கரமும் இழுப்பதாலும் எஞ்சின் பாரம் பின்சக்கரத்தில் உட்காருவதாலும்தான் டயர் வழுக்காமல் இது நடக்கிறது. ஆனால் தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது கேட்க வேண்டியது பிக்கப் அல்ல, பிரேக். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரி முன்னால் போகலாம். உங்கள் காரில் 420 மில்லிமீட்டர் செராமிக் பிரேக் டிஸ்க் இருக்கலாம், அந்த லாரியில் இல்லை. அங்கே ஓட்டிக் காட்டுகிற எண்ணம் வேண்டாம்.

கேள்வி: பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் ஓட்டைகள் அழகுக்கா? (காவேரிப்பட்டணம்)

காற்றுக்கு. 2020க்கு முந்தைய சில தலைமுறைகளில் அவை இன்டர்கூலருக்கு (டர்போ அமுக்கிச் சூடான காற்றைக் குளிர வைப்பது) காற்றைக் கொண்டுபோயின, 2020ல் வந்த மாடலில் ஏர் ஃபில்டர் பக்கம் போயின. புதியதில் எனக்குப் பிடித்தது முன்பக்கம்தான். ரேடியேட்டருக்குக் காற்று தேவைப்படாதபோது தகடுகள் மூடிக்கொள்ளும். மழையில் அடிப்பக்கத் தகடும் மூடி, முன் பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுபது வருடத்துக்கு மேலாக அதே தவளைக் கண், அதே சரிந்த முதுகு.

கேள்வி: கிரானைட் தூசி டர்போவைக் கெடுக்குமா? (பர்கூர்)

நிச்சயம். ஃபில்டர் கிழிந்தாலோ குழாய்க் கிளிப் தளர்ந்தாலோ தூசி நேராகக் கம்ப்ரஸர் இறக்கையில் அடிக்கும். எலி கடித்த இலை மாதிரி ஓரம் தேய்ந்து வரும். விலை எத்தனை கோடியானாலும் இதில் விதிவிலக்கு இல்லை. பாலிஷ் பட்டறை வழியே தினமும் போகிறவர்கள், கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: மாங்காய்க் கூடை வைக்க இடம் இருக்கிறதா? (மாம்பழ வியாபாரி, கிருஷ்ணகிரி)

டிக்கி முன்னால் இருக்கிறது, அண்ணே. சின்னக் கூடை ஒன்று போகும். மண்டிக்குப் போக டெம்போவே வைத்துக்கொள்ளுங்கள்.