கிழமைக் கடனும் லண்டன் அத்தானின் கணக்கும்

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தேன். வாவியையும் கூத்தரின் உடுப்புகளையும் நீர்வர்ணத்தில் வரைந்து விற்கிறேன். லண்டனிலுள்ள அத்தான் தமது பெயரில் எட்சி என்ற கைவினை விற்பனை இணையத்தளத்தில் கடை திறந்து தந்தார். விற்ற காசு அவரது வங்கிக் கணக்குக்குப் போகும், அவர் பிறகு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் வழியில், அனுப்புவார். கடந்த ஆண்டு 42 ஓவியங்கள், சராசரியாக 45 பவுண் வீதம், விற்றன. எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4,10,000 ரூபாய். கேட்டால் வீட்டுக் கடனுக்குக் கட்டிவிட்டேன், அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார். எங்கள் தம்பியின் படிப்புக்கு உதவியவர் என்பதால் அழுத்திக் கேட்க மனம் வரவில்லை. தாளும் வர்ணமும் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கிழமைக் கடனாக 2,00,000 ரூபாய் எடுத்தேன். கிழமைக்கு 4,500 ரூபாய் வீதம் 52 தவணை, அதில் 20 கட்டிவிட்டேன். இப்போது டிஜிட்டல் ஓவியத்தையும் என்எஃப்டி (டிஜிட்டல் கோப்பின் உரிமைச் சான்று) விற்பனையையும் கற்றுத்தரும் வகுப்புக்கும் ஐபேட்டுக்குமாக இன்னொரு 3,50,000 ரூபாய் கடன் எடுக்கலாமா? எந்தத் தளத்தில் விற்றால் வருமானம் கூடும்?

பதில்: எந்தத் தளம் என்ற கேள்விக்குச் சற்றுப் பின்னர் வருகிறேன். ஆண்டுக்கு 42 ஓவியங்களை முன்பின் அறியாதவர்களுக்கு விற்றிருக்கிறீர்கள். இந்த மாவட்டத்தில் அதைச் செய்கிறவர்கள் அதிகமில்லை. ஆகவே விற்பனையில் குறை காண எனக்கு எதுவுமில்லை. விற்ற காசு எங்கே போய்த் தங்குகிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துகிறது.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 42 ஓவியங்கள், 45 பவுண் வீதம், 1,890 பவுண். எட்சி ஒவ்வொரு விற்பனையிலும் 6.5 சதவீதம் எடுக்கும். பிரித்தானியக் கணக்கென்றால் பணப் பரிமாற்றத்துக்கு 4 சதவீதமும் 20 பென்சும், பட்டியலிடுவதற்கு 20 அமெரிக்க சதமும் கழியும். எல்லாம் சேர்த்து ஓவியத்துக்கு ஐந்து பவுண் போனால் மிஞ்சுவது 1,680 பவுண். பவுணை 400 ரூபாயாக வைத்துக்கொண்டால் 6,72,000 ரூபாய். உங்கள் கைக்கு வந்தது 4,10,000. இடையில் நிற்பது 2,62,000 ரூபாய்.

அத்தானுக்கும் நியாயம் செய்ய வேண்டும். கடை அவர் பெயரில் இருப்பதால் பிரித்தானிய வரித் திணைக்களத்தின் கண்ணில் அது அவருடைய வியாபாரம். அங்கே இப்படிப்பட்ட வரவில் ஆண்டுக்கு 1,000 பவுண் வரைதான் வரியின்றி விடுவார்கள். அதற்கு மேற்பட்டதை அவர் அறிவிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், ஆண்டில் 30 விற்பனைக்குக் குறையாத கடைகளின் விபரத்தைத் தளங்களே திரட்டி வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கின்றன. உங்கள் கடை 42 விற்பனை செய்திருக்கிறது. அவர் முறையாக அறிவித்து, மிகுதி 890 பவுணுக்கு 20 சதவீதம் கட்டினார் என்றே வைத்துக்கொள்வோம்: 178 பவுண், அதாவது 71,000 ரூபாய். அதையும் கழித்தால் 1,91,000 ரூபாய்க்கு இன்னும் பதிலில்லை.

இந்தத் தொகையை உங்கள் கிழமைக் கடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் கடனாக எடுத்ததும் கிட்டத்தட்ட இதே தொகைதான். அத்தானிடம் நிற்கும் உங்கள் சொந்தக் காசுக்கு ஈடாகத்தான் நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கியிருக்கிறீர்கள். 4,500 ரூபாய் வீதம் 52 தவணை என்றால் 2,34,000 ரூபாய், வட்டி 34,000. அலுவலர் 17 சதவீதம் என்று சொல்லியிருப்பார். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டுவதால், ஆண்டு முழுவதையும் பார்த்தால் சராசரியாக உங்கள் கையில் இருந்தது ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகைதான். அதற்கு 34,000 என்றால் உண்மையான வட்டி, கூட்டு வட்டி பாராமலே, 33 சதவீதத்தை ஒட்டி வரும். மத்திய வங்கி 2018இல் நுண்கடனுக்கு விதித்த உச்ச வரம்பு 35 சதவீதம். உங்கள் கடன் அதன் வாசலில் நிற்கிறது. இந்த வட்டியைக் கட்டிக்கொண்டு, அத்தானின் வீட்டுக் கடனுக்கு வட்டியில்லாமல் காசு கொடுத்து வருகிறீர்கள். தம்பியின் படிப்புக்கு அவர் செய்தது பெரிய உதவிதான். அதற்குக் கைம்மாறு செய்ய விரும்பினால் ஒரு தொகையைக் குறித்து, இது உங்களுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். எவ்வளவு கொடுத்தோம் என்று இருவருக்குமே தெரியாத கொடை மனத்தாங்கலில்தான் போய் முடியும்.

உண்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021இன் பிற்பகுதியில் வங்கி விலை டொலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருக்க, வெளியே அதைவிட நன்றாகக் கூடக் கிடைத்தது; அந்த நேரத்தில் சனம் உண்டியலுக்குப் போனதன் காரணம் எவருக்கும் விளங்கும். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. இதனால் உங்களுக்கு நேரும் நட்டம், நாலு இலட்சம் ரூபாய் உழைத்தும் உங்கள் வங்கிக் கூற்றில் ஒரு வரிகூட இல்லாதிருப்பது. அரச வங்கியின் முகாமையாளரிடம் சிறுதொழில் கடன் கேட்டுப் போனால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கூற்றைத்தான். அது இல்லாதபடியால்தான் அயல்வீட்டு விறாந்தையில் கூடி, ஒருவருக்கொருவர் பிணை நின்று கையெழுத்திடும் கடன் ஒன்றே உங்களுக்கு எட்டியிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. கடையின் மாதக் கணக்கறிக்கைகளைத் தரவிறக்கி அனுப்பும்படி அத்தானிடம் கேளுங்கள். சண்டைக்கு அவசியமில்லை, "அத்தான், வங்கியில் கடன் கேட்கப் போகிறேன், கடையின் கணக்கு விபரம் தேவைப்படுகிறது" என்று எழுதினால் போதும், அது பொய்யுமல்ல. அறிக்கை வந்தால் வெளி விளம்பரக் கட்டணம் என்ற வரியைத் தேடுங்கள். தளம் வெளியே செய்யும் விளம்பரத்தின் வழியாக ஆள் வந்து வாங்கினால், ஆண்டுக்கு 10,000 டொலருக்குக் குறைவாக விற்கும் கடைகளிடம் அது 15 சதவீதம் எடுக்கும். 45 பவுண் ஓவியத்தில் அது 6.75 பவுண். பத்து ஓவியங்கள் அப்படிப் போயிருந்தால் மேலே சொன்ன தொகையில் 27,000 ரூபாய்க்குக் காரணம் தெரிந்துவிடும். உங்களைப் போன்ற சிறு கடைகள் அந்த வசதியை நிறுத்திவிடலாம்; நிறுத்தச் சொல்லுங்கள். இனிமேல் மாதம் ஒரு திகதி குறித்து, வங்கி வழியாக மட்டும், உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பட்டும். அவருடைய சிரமத்துக்கு மிச்சத்தில் 10 சதவீதம் என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 67,000 ரூபாய் போகும், ஆனால் இப்போது போவதைவிட அது மிகக் குறைவு. இதற்கு அவர் உடன்படாவிட்டால் அந்தக் கடைக்குப் புதிய ஓவியம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். கடை அவர் பெயரில் இருக்கும் வரை, வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகளும் அவருடைய கணக்கில்தான் சேரும் என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்கள் பெயரில் விற்கும் வழியை இப்போதே தொடங்கலாம். வாங்குகிறவர்களில் பலர் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் நம்மவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். வாவிப் படம் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுகிறவருக்கு நடுவில் ஒரு தளம் எதற்கு? முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ பேசி விலை முடித்து, விலைப்பட்டியல் எழுதி அனுப்பி, வங்கி வழியாகவோ வைஸ் போன்ற சேவை வழியாகவோ உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதி முற்பணம், மிகுதி வந்த பிறகே ஓவியத்தைச் சுருட்டி வைத்த குழாயைத் தபாலகத்தில் கையளிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 20 ஓவியங்கள் போனாலே தளக் கட்டணத்தில் 100 பவுண், நாற்பதாயிரம் ரூபாய், மிஞ்சும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொண்டால் வங்கியோடு பேசுவதும், அட்டை வழியாகக் காசு பெறும் உள்நாட்டுச் சேவைகளில் சேர்வதும் இலகுவாகும். வரியை நினைத்துத் தயங்கவேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது.

மற்றத் தளங்களை அளக்க ஒரே அளவுகோல்தான்: காசு எந்த வழியில் உங்கள் இலங்கைக் கணக்குக்கு வரும்? பேபாலில் காசு செலுத்த முடிந்தும் பெற முடியாமல் நம் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் அந்நியக் கணக்குகளைத் தேடி அலைந்ததே உங்கள் சிக்கலுக்கும் மூலம். வெளிநாட்டுக் காசைப் பெற்றுத் தரும் பயோனியர் போன்ற சேவையை ஏற்கும் தளமென்றால் பார்க்கலாம். அதற்கும் கட்டணம் உண்டு, பட்டியலைப் படித்துவிட்டுச் சேருங்கள். சாச்சி ஆர்ட் என்ற ஓவிய விற்பனைத் தளம் 40 சதவீதம் எடுக்கும். பெரிய ஓவியத்துக்குத் தாங்கும், 45 பவுண் ஓவியத்துக்குத் தாங்காது. ரெட்பபிள் போன்ற, சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கும் தளங்களில் அடக்க விலைக்கு மேல் நீங்கள் வைக்கும் இலாபம் மட்டும்தான் உங்களுக்கு. அதிலிருந்தும் ரெட்பபிள் 2023 முதல் சாதாரணக் கணக்குகளுக்குத் தனிக் கட்டணம் கழிக்கிறது. வெளிநாட்டுக்காரர்தான் வேண்டுமென்றால் அவர்கள் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அறுகம்பைக்கு அலைச்சறுக்கத் தாமாகவே வருகிறார்கள். அங்குள்ள ஒரு விடுதியின் சுவரில் நாலு ஓவியத்தை மாட்டி, கீழே உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அறுகம்பைக்குப் பக்கத்திலுள்ள பொத்துவிலுக்குப் போகும் பஸ் செலவு 33 சதவீத வட்டியைவிட மலிவு.

இரண்டாவது கடனை எடுக்கவேண்டாம். 2021 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் கோப்பு கிறிஸ்டீஸ் ஏலத்தில் 69 மில்லியன் டொலருக்குப் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு என்எஃப்டி கற்பிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டே அந்தச் சந்தை சரிந்தது, வகுப்புகள் மட்டும் இன்னும் நடக்கின்றன. நடத்துகிறவர் இந்த ஆண்டு தாம் விற்ற என்எஃப்டி எத்தனை, அதன் காசு எந்த இலங்கை வங்கிக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஐபேட் பயனுள்ள பொருள்தான். ஆனால் உங்களிடம் வாங்குகிறவர்கள் தாளில் ஊறிய நீர்வர்ணத்துக்குக் காசு தருகிறார்கள், அதை வரைய அது தேவைப்படாது.

நடக்கும் கடனில் மிஞ்சியிருப்பது 32 தவணை, 1,44,000 ரூபாய். அத்தானிடமிருந்து காசு வந்ததும் அதை அடைக்க ஓடிவிடாதீர்கள். முன்கூட்டி அடைத்தால் மிகுதி வட்டி குறையுமா என்பதை நிதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். குறையுமென்றால் அன்றே அடையுங்கள். குறையாதென்றால் தவணையை அதன் போக்கில் கட்டிக்கொண்டு, வந்த காசை அடுத்த தொகுதித் தாளுக்கும் வர்ணத்துக்கும் பயன்படுத்துங்கள். 52ஆவது தவணை முடியும் நாளில் அடுத்த சுற்றுக்கான படிவத்தை அலுவலர் கையோடு கொண்டு வருவார், அதில் கையெழுத்திடவேண்டாம்.