கல்லைக் கழட்டிட்டு அப்புறம் கேளுங்க: வைரம் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்ததுல பாதி வெறும் போட்டோ, கீழ "ரேட் என்ன சார்?"னு ஒரு வரி. முப்பது வருஷம், முதல்ல மும்பை ஓபரா ஹவுஸ் வைரச் சந்தை, அப்புறம் பிகேசி வைரச் சந்தை, லூப்பை, அதாங்க சின்ன பூதக்கண்ணாடியை, கண்ணுல சொருகிக்கிட்டு கல்லு பிரிச்சவன் நான், எனக்கே போட்டோ பாத்து ரேட் சொல்லத் தெரியாது. சொல்றேன்னு எவனாவது வந்தா அவன்கிட்ட வாங்காதீங்க. மத்த கேள்விக்கு வருவோம்.

22 கேரட் வைர மோதிரம் வாங்கலாம்னு இருக்கேன், பட்ஜெட் எவ்வளவு ஆகும்? (செம்பூர்)

22 கேரட் வைரம்னா புளியங்கொட்டை சைசுல இருக்கும், செம்பூர் ஃப்ளாட்டை வித்துட்டு வாங்க பேசலாம். தங்கத்துக்குச் சொல்ற கேரட் சுத்தம், வைரத்துக்குச் சொல்ற கேரட் எடை, ஒரு கேரட்டுன்னா 200 மில்லிகிராம், அதுல நூத்துல ஒண்ணு சென்ட். எத்தனை தடவை எழுதுறது! நீங்க கேக்க வந்தது 22 கேரட் தங்கத்துல பதிச்ச வைரம்னா, கொக்கி வச்ச மோதிரத்துக்கு அது வேணாம், தங்கம் மென்மையா இருக்கும், கொக்கி வளைஞ்சு கல்லு எங்கயாவது லோக்கல் ட்ரெயின்ல விழுந்துடும். 18 போதும்.

நகையில ஹால்மார்க் இருக்கு, அப்ப வைரமும் ஒரிஜினல்தானே? (தாராவி)

இல்லை. ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். கல்லுக்குத் தனி லேப் ரிப்போர்ட் கேளுங்க. ரிப்போர்ட் நம்பரை நிறைய கல்லுல இடுப்புல, அதாவது கல்லைச் சுத்தி இருக்கிற விளிம்புல, லேசர்ல பொறிச்சிருப்பாங்க, அது ரெண்டும் ஒண்ணான்னு லூப்ல காட்டச் சொல்லிப் பாருங்க.

பாட்டியோட ஏழு கல் தோடு இருக்கு. "ஒரிஜினல் ப்ளூ ஜாகர்"னு அம்மா சொல்றாங்க. சென்னையில ஒரு கடையிலயும் புது தோடுக்கு "ப்ளூ ஜாகர்"னு சொல்லி கூட விலை கேக்குறாங்க. கொடுக்கலாமா? (மாட்டுங்கா)

வந்துட்டீங்களா! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு பிபி ஏறும். ஜாகர்ங்கறது தென்னாப்பிரிக்காவுல இருந்த ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தோட பேரு, 1893ல எக்செல்சியர்னு 995 கேரட் பட்டை தீட்டாத கல்லு கிடைச்ச இடம், லேசா நீலம் ஓடுற நல்ல வெள்ளைக் கல்லுக்கு பேர்போனது. அந்தச் சுரங்கத்துல தோண்டுறதை நிறுத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா நம்ம ஊரு வைரக் கடைங்கள்ல மட்டும் இன்னும் ஊத்து வத்தலை.

வியாபாரத்துல அதுக்கு நிஜ அர்த்தம் என்னன்னா, நல்ல கலர், அதாவது மஞ்சள் அடிக்காத வெள்ளை, இருந்து கூடவே நீல ஃப்ளோரசன்ஸும் இருக்கிற கல்லு, அவ்வளவுதான். சுமாரா மூணு கல்லுல ஒண்ணுக்கு இந்த ஃப்ளோரசன்ஸ் கொஞ்சமாவது இருக்கும், அல்ட்ராவயலட் பட்டா நீலமா மினுக்கும். வெயில்லயும் அல்ட்ராவயலட் இருக்கா, அதனால லேசா மஞ்சள் அடிக்கிற கல்லுகூட வெயில்ல வெள்ளையா தெரியும், ராத்திரி வீட்டுல பல்பு வெளிச்சத்துல பாத்தா சாயம் வெளுத்துடும், அந்த மஞ்சக் கல்லைத்தான் "நீலம் ஓடுது பாருங்கம்மா"ன்னு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய் காட்டி தலையில கட்டுறது.

எங்க அக்கா கல்யாணத்துக்கு இப்படித்தான் ஒரு கடையில ப்ளூ ஜாகர் விலை கொடுத்து வாங்கினோம், நான் இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி. பல வருஷம் கழிச்சு நானே கழட்டிப் பாத்தேன், அஞ்சு கல்லு கே கலர், அதாவது லேசா மஞ்சள், ஃப்ளோரசன்ஸ் மட்டும் ஓஹோ, ஒரு கல்லுல விளிம்பு உடைஞ்சு அது அழகா தங்கத்துக்கு அடியில ஒளிஞ்சிருந்தது. அக்காகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. நம்ம தோடு, பேசரி எல்லாம் பின்னாடி மூடின செட்டிங், கல்லு எடையும் தெரியாது, அடிப்பக்கமும் தெரியாது. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கல்லைக் கழட்டாம விலை பேசாதீங்க.

உங்க பாட்டி தோடு அந்தச் சுரங்கத்துக் கல்லாவும் இருக்கலாம், ஆனா கல்லுல ஊர் பேரு எழுதியிருக்காது. பாட்டி போட்டது, வச்சுக்கோங்க. புது தோடுல கலர், க்ளாரிட்டி, கட், எடை இதுக்குக் காசு கொடுங்க, ஜாகர்ங்கற பேருக்கு ஒரு ரூபா கூட கூடாது.

லேப்ல பண்ற வைரம் டூப்ளிகேட்டா? (வாஷி)

டூப்ளிகேட் இல்லை, அதுவும் அதே கார்பன்தான். ஜெனரல் எலக்ட்ரிக்காரங்க 1954லயே அழுத்தமும் சூடும் கொடுத்து பண்ணிட்டாங்க, இப்ப சிவிடின்னு வாயுவுல இருந்து அடுக்கடுக்கா வளத்து சில வாரத்துல கல்லை எடுத்துடறாங்க, 2023ல மோடி அமெரிக்கா போனப்ப ஜில் பைடனுக்குக் கொடுத்ததும் லேப் வைரம்தான், 7.5 கேரட். போட்டு அழகு பாக்க வாங்குங்க, நாளைக்கு விக்கிறதுக்குன்னு வாங்காதீங்க. கடைக்காரர் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வச்சு "பீப்" சத்தம் காட்டினா மயங்கிடாதீங்க, அது லேப் கல்லுக்கும் அடிக்கும், சாதா டெஸ்டர் வைரம் மாதிரியே இருக்கிற மாய்சனைட்டுங்கற வேற கல்லுக்கும் அடிக்கும்.

கோல்கொண்டா கோட்டைக்குள்ள வைரச் சுரங்கம் எங்க இருக்கு? டூர்ல போனப்ப தேடினோம். (முலுண்ட்)

கோட்டையில தேடினா எப்படிப்பா கிடைக்கும்! அது சந்தை. கல்லு வந்தது கிருஷ்ணா ஆத்துப் பக்கம் கொல்லூர் மாதிரி இடத்துல இருந்து. 1720கள்ல பிரேசில்ல கிடைக்கிற வரைக்கும் உலகத்துக்கே வைரம்னா கிட்டத்தட்ட நாமதான், 1860கள்ல தென்னாப்பிரிக்கா வந்துச்சு, கதை மாறிப்போச்சு. இன்னிக்கு நம்ம மண்ணுல எடுக்கிறது மத்தியப் பிரதேசம் பன்னாவுல கொஞ்சம். ஆனா ரஷ்யாவுல தோண்டினாலும் போட்ஸ்வானாவுல தோண்டினாலும் பத்துல ஒம்பது கல்லு பட்டை தீட்ட சூரத்துக்குத்தான் வருது.

நிஜ வைரமான்னு சுத்தியலால அடிச்சுப் பாக்கலாமா? (டோம்பிவிலி)

பாக்கலாம், அதுக்கப்புறம் வைரம் இருக்காது. கீறாதுங்கறது வேற, உடையாதுங்கறது வேற. நாலு திசையில பிளவு இருக்கு, சரியா பட்டா பளார்னு பிளக்கும்.

கல்லுல கறுப்புப் புள்ளி இருந்தா குடும்பத்துக்கு ஆகாதாமே? (அந்தேரி)

ஆகாதுன்னா விலைக்கு ஆகாது. காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு சிலப்பதிகாரத்துலயே வைரத்தோட குத்தத்தை வரிசையா சொல்லியிருக்கு. காகபாதம்னா காக்கா கால் மாதிரி கோடு, களங்கம்னா கறை, விந்துன்னா புள்ளி, ஏகைன்னா கீத்து. இன்னிக்கு லேப் ரிப்போர்ட்ல க்ளாரிட்டின்னு போடறதும் இந்த மாதிரி குத்தத்தைப் பாத்துதான். மாமியார் மேல இருக்கிற கோவத்தைக் கல்லு மேல காட்டாதீங்க.

கிரானைட் கட்டிங் வேலை பாக்குறேன். பிளேடுல வைரம் இருக்குங்கறாங்களே, நிஜமாவா? (கல்யாண்)

நிஜம்தான் தம்பி. பல்லு பல்லா இருக்குல்ல, அதுல உலோகத்தூளோட வைரத்தூளும் இருக்கு, அந்த வைரம் பெரும்பாலும் மெஷின்ல பண்ணினதுதான். நகைக்குப் போற வைரம் சும்மா மினுக்கும், உங்க வைரம்தான் வேலை செய்யுது. சுரண்டி எடுத்து விக்கலாமான்னு அடுத்த லெட்டர் போட்டுடாதீங்க.

மூக்குத்தி வாங்கி ஆறு மாசத்துல மங்கிடுச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டானா? (மாட்டுங்கா)

அவசரப்பட்டுத் திட்டாதீங்க. வைரத்துல தண்ணி ஒட்டாது, எண்ணெய் நல்லா ஒட்டும், சுரங்கத்துலயே கிரீஸ் தடவின மேசை மேல சரளையைத் தண்ணியோட ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்ட வச்சுப் பிடிச்சிருக்காங்க. உங்க முகத்து க்ரீமும் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் அங்கதான் போய் உக்காருது. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் டிஷ்வாஷ் லிக்விட், பழைய டூத் பிரஷ். பின்பக்கம் மூடின பழைய பேசரியா இருந்தா ஊறப்போடாதீங்க, உள்ள தண்ணி நின்னா இன்னும் கறுக்கும், அதை ஆசாரிகிட்ட கொடுத்துக் கழட்டித்தான் கழுவணும். கழட்டும்போது பக்கத்துலயே உக்காந்திருங்க, எடையும் போட்டுடுங்க.