பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்க வேண்டும்? கழிக்கும் முன் அழுவது இயல்பா?

அழுவது பெரும்பாலும் இயல்புதான். என் மகன் பாம்பனில் ஒரு சித்திரை மாதத்தில் பிறந்தான். முதல் வாரம் முழுவதும் எனக்கும் இதே கவலை இருந்தது. சிறுநீர்ப்பை நிரம்பும் உணர்வு பிறந்த குழந்தைகளுக்குப் புதிது என்பதால் சிணுங்குவார்கள், போனதும் அடங்கிவிடுவார்கள். கழிக்கும்போதும் கழித்த பின்னும் விடாமல் வீறிட்டால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் நாள் காலையில், தொட்டிலில் விரித்திருந்த பழைய வேட்டித் துணியில் செங்கல்லை உரசியது போன்ற இளஞ்சிவப்புக் கறையைக் கண்டு வீடே பதறியது. "சூட்டுல ரத்தமாப் போகுது, சீனித்தண்ணி குடு" என்றார் மாமியார். பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அது இரத்தமன்று, பால் நன்கு சுரக்கும் வரை சிறுநீர் அடர்த்தியாக இருப்பதால் படியும் யூரேட் உப்பு என்று விளக்கினார். சீனித்தண்ணீரால் வயிறு நிறைந்தால் பிள்ளை மார்பைத் தேடாது, பால் சுரப்பும் குறையும், கத்திரி வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே போதும் என்று மாமியாரிடமும் பொறுமையாகச் சொன்னார். மாமியார் அரைமனதோடுதான் கேட்டுக்கொண்டார்.

எண்ணிக்கைக்கு வருவோம். பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்திற்குள் ஒரு முறையாவது கழித்துவிடும். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது 6 டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். பல முறை போனதையும் ஒன்றாக உறிஞ்சிக்கொள்ளும் டயப்பரை மாற்றுபவர்களுக்கே இந்த ஆறு பொருந்தும். நம்மைப் போல வேட்டித் துணி கட்டுகிறவர்களுக்கு ஒரு நாளில் 15, 20 துணிகள்கூட நனையலாம், ஏனெனில் குழந்தையின் சிறிய சிறுநீர்ப்பை ஏறக்குறைய மணிக்கொரு முறை காலியாகிறது. சில நேரம் சிறிது போய், நின்று, சில நிமிடங்களில் மீண்டும் போவதும் உண்டு. பையும் அதன் வாயிலிருக்கும் தசையும் இன்னும் ஒத்திசையப் பழகாததே அதற்குக் காரணம்.

24 மணி நேரம் கடந்தும் முதல் சிறுநீர் போகாவிட்டாலும், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அந்தச் செங்கல் கறை தொடர்ந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் எப்போதும் சொட்டுச் சொட்டாகவே வடிந்தால், துணி எத்தனை நனைந்திருந்தாலும், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.