மணி என்ன, பக்கத்தில் யார்?

பிறர் தூங்குவதைப் பார்ப்பதுதான் என் தொழில். தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர்களை ஒட்டிவிட்டு, விடியும்வரை திரை முன் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் நான். மருத்துவர் இல்லை, மருந்து கேட்காதீர்கள். உங்கள் தூக்கம் பற்றிக் கேள்வி அனுப்பும்போது, இரவில் எத்தனை மணிக்கு நடந்தது, பக்கத்தில் இருப்பவர் என்ன பார்த்தார் என்ற இரண்டையும் எழுதுங்கள். தூங்குபவரின் சாட்சியத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி: தினமும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இது நோயா?

பதில்: விழிப்பு வருவது நோயில்லை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்தூக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே தீர்ந்துவிடும். பின்னிரவில் தூக்கம் மேலோட்டமானது. நன்றாகத் தூங்குபவர்களும் இரவில் பலமுறை விழிப்பதைத் திரையில் பார்க்கிறேன். காலையில் “அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்களோ கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். ‘இன்னும் மூன்று மணி நேரம்தான்’ என்று கணக்குப் போடத் தொடங்கினால் தூக்கம் எங்கிருந்து வரும்? கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். 20 நிமிடம் போலத் தோன்றியும் கண் அயரவில்லை என்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சலிப்பூட்டும் வேலை எதையாவது செய்யுங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். இரவில் மது குடிப்பவராக இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். அது முன்னிரவில் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

கேள்வி: மணியை எழுதச் சொல்கிறீர்கள், கடிகாரத்தையும் பார்க்காதே என்கிறீர்களே?

பதில்: மாட்டிக்கொண்டேன். முன்னிரவா, விடியும் நேரமா என்ற குத்துமதிப்பு போதும். அதையும் காலையில் எழுதுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் விழிப்பு வருகிறது, உடம்பை அசைக்க முடியவில்லை. மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துகிறார்கள். பேய் அமுக்குவது என்கிறார்கள்.

பதில்: இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடுவதுபோல் நிஜத்தில் ஓடிவிடாமலிருக்க, மூளை நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கண் தசைகளும் மூச்சிழுக்கும் உதரவிதானமும் மட்டும் விலக்கு. சில நேரம் அந்தப் பூட்டு திறப்பதற்குள் மனம் விழித்துவிடும். பாதிக் கனவும் கூடவே வந்துவிடும். மூச்சுக்குத் துணைசெய்யும் மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழ மூச்சு இழுக்க முடியாது. அதுதான் மார்பில் பாரம். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானே விலகும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். இரவுப்பணி முடிந்து தூங்கிய ஒரு பகலில் எனக்கே வந்தது. இத்தனையும் தெரிந்திருந்தும் வெலவெலத்துப் போனேன்.

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. பின்னிரவில் தூக்கத்திலேயே கத்துகிறார், குத்துகிறார். எழுப்பினால், நாய் துரத்தியதாகச் சொல்கிறார். ஒருமுறை என் உதடு கிழிந்துவிட்டது.

பதில்: இன்று வந்தவற்றில் நான் தள்ளிப்போடச் சொல்லாத கேள்வி இது. மேலே சொன்ன அதே பூட்டு, இவருக்குப் பூட்டவே இல்லை. 1986இல் ஷெங்க், மஹோவால்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். சில மனச்சோர்வு மருந்துகளாலும் வரும். ஆனால் இந்த வயதில் வந்தால், பலருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் தலைகாட்டுகிறது. எனவே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கைபேசியில் எடுத்த வீடியோ ஒன்றைக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. அதுவரை படுக்கையருகே கண்ணாடிப் பொருட்கள் வேண்டாம். தனியாகப் படுத்துக்கொள்ளுங்கள், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

கேள்வி: ஐந்து வயது மகன் தூங்கிய ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அலறுகிறான். என்னையே அடையாளம் தெரியவில்லை.

பதில்: அவன் விழிக்கவே இல்லை. ஆழ்தூக்கத்திலிருந்து பாதி மட்டும் வெளியே வந்திருக்கிறான். காலையில் அவனுக்கு நினைவிருக்காது. பதறுவது நீங்கள் மட்டும்தான். உலுக்கி எழுப்பாதீர்கள், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். ஒரே இரவில் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கைகால் அசைவோடு வந்தால் அது வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். பரிசோதனையில் சர்க்கரையும் இல்லை, புராஸ்டேட் கோளாறும் இல்லை.

பதில்: குறட்டை விடுவீர்களா? குறட்டை விடுபவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும். அப்போது, காற்றை இழுக்கப் போராடும் மார்பு இதயத்தையும் சேர்த்து விரிக்கிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணும் இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சுத் தடைபடுவது தீவிர நிலை. அப்படிப்பட்டவர்களும் காலையில் என்னிடம் “நன்றாகத் தூங்கினேன்” என்கிறார்கள்.

கேள்வி: கண்ணயரும்போது தலைக்குள் வெடிச்சத்தம். வலி இல்லை.

பதில்: ‘வெடிக்கும் தலை’ என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பயங்கரம், ஆபத்து இல்லை. வலியும் சேர்ந்து வந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தனியாக வாழ்கிறேன். பார்த்துச் சொல்ல யாருமில்லையே?

பதில்: கைபேசியை ஒலிப்பதிவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். குறட்டை திடீரென நின்று, சற்று நேர அமைதிக்குப் பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று கேளுங்கள். காலையில் வாய் உலர்ந்திருக்கிறதா, தலை வலிக்கிறதா, போர்வை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.