மெடிசின் கிடைக்கல்லண்டு காணிய வித்துராதீங்க

"சேர், மகளுக்கு மெடிசின் கொஞ்ச இசட் ஸ்கோரால போயிட்டு, இனி என்ன செய்ற?" எண்டு களுவாஞ்சிக்குடிப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தா (இசட் ஸ்கோர் எண்டா கம்பஸுக்கு எடுக்கிறதுக்குப் பாக்கிற ஏஎல் புள்ளி). மறுகா தாய், தகப்பன், மகள் மூணு பேரும் ஒரு பைலோட வந்தாங்க, பைலுக்குள்ள ஏஜென்சிக்காரர் எழுதிக்குடுத்த வெளிநாட்டு மெடிக்கல் கம்பஸ் கணக்கு. கவலைப்படாதீங்க எண்டு சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனா தகப்பன் படுவான்கரை வயலுக்கு ஆளே பாத்துட்டார், அதனால நேரா சொல்றன், அந்தக் காணிய விக்காதீங்க.

அந்தக் கணக்கு முழுக்க டொலர்ல இருக்கு. 2022ல 200 ரூபா இருந்த டொலர் ஒரு சில மாசத்துல 360 ஐத் தாண்டினத மறந்துட்டமா? பாதிப் படிப்புல அப்படி இன்னொண்டு வந்தா விக்கிறதுக்கு மிச்சம் என்ன இருக்கும், மகளுக்கெண்டு கட்டுற வீட்டையுமா விக்கிற? படிச்சு முடிச்சு வந்தாலும் வெளிநாட்டுல மெடிசின் படிச்சவங்க எழுதுற ஈஆர்பிஎம் சோதனை பாஸ் பண்ணாம இங்க டொக்டராப் பதிய ஏலா, அது அந்தப் பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல. கனடா மாமா "நம்மட குடும்பத்துல ஒரு டொக்டர் வேணும்" எண்டாராம். சரி, பீஸையும் அவரே கட்டுவாரா எண்டு கேட்டன், எல்லாரும் சிரிச்சாங்க, பதில் வரல்ல.

இவ்வளவு நேரமும் மகள் வாயே திறக்கல்ல. பயோல என்ன பிடிக்கும் எண்டு கேட்ட உடன மட்டும் கதைச்சா. பள்ளிக்கூடத்துல வெங்காய வேர் நுனிய நசுக்கி மைக்ரஸ்கோப்புல இழையுருப்பிரிவு, அதாவது ஒரு கலம் ரெண்டாப் பிரியிறத, பாத்தாங்களாம், கலம் பிரியக்குள்ள நிறமூர்த்தங்கள (மரபணு இருக்கிற இழைகள) இழுத்துப் பிரிக்கிற கதிர், தாவரக் கலத்துல புன்மையத்தி எண்ட சின்ன உறுப்பு இல்லாமலே உருவாகுதே, அப்ப விலங்குலயும் அப்படி ஒரு கலம் இருக்குமா எண்டு அவக்கு ஒரு கேள்வி, ரியூசன்ல கேட்டா சோதனைக்கு வராது எண்டு சொல்லிட்டாங்களாம். டொக்டராகணும் எண்டு அவ ஒரு தரமும் சொல்லல்ல.

இருக்கு புள்ள. நம்மட முட்டைக்கலமே அப்படித்தான். மற்றக் கலங்கள்ல ரெண்டு முனையிலயும் புன்மையத்தி நிண்டு கதிர இழுத்துப் பிடிக்கும், முட்டைக்கலம் வளரக்குள்ளேயே அதை இழந்துடும். அதனால ரெண்டு கம்பமும் இல்லாம பந்தல் போடுற மாதிரி, புரதங்கள்தான் எல்லாத்தையும் செய்யணும். நிறமூர்த்தத்துக்குப் பக்கத்துல ரான் எண்ட புரதம் GTP எண்ட சின்ன மூலக்கூறோட சேந்து செறிவா இருக்கும், அது டிபிஎக்ஸ்2 மாதிரி அடைபட்டுக் கிடக்கிற புரதங்கள விடுவிக்க, அங்க இருந்து கதிரிட நார்களான நுண்புன்குழாய்கள் முளைக்கும், மறுகா மோட்டர்ப் புரதங்கள் அதுகள அடுக்கி ரெண்டு முனையா ஒதுக்கும். உடம்புக் கலத்துல அரை மணித்தியாலம் போல எடுக்கிற வேலை மனித முட்டையில கிட்டத்தட்ட 16 மணித்தியாலம் எடுக்கும், அதுக்குள்ள கதிர் ஆடும், முனை மூணாப் பிரியும், நிறமூர்த்தம் பிழையான பக்கம் போகும். கன கருச்சிதைவுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் இப்படி வாற எண்ணிக்கைப் பிழைதான் காரணம், தாயிட வயசு ஏற ஏற இது கூடும். (கரு நிக்கல்லண்டா பொம்புளையத் திட்டுற மாமிமாரும் இதக் கொஞ்சம் வாசிக்கலாம்.)

2022ல ஜேர்மனி, கோட்டிங்கன் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல மெலினா ஷூட குழு கண்டுபிடிச்சது இன்னும் வடிவானது. கிஃப்சி1 எண்ட மோட்டர்ப் புரதம் எலி, மாடு, பண்டி முட்டையில தாராளமா இருக்கு, மனித முட்டையில மட்டும் குறைவு. அதைக் கொண்டு போய் மனித முட்டைக்குள்ள சேத்தா கதிர் ஆடுறது குறைஞ்சுது. மகள் கேட்டது சோதனைக்கு வராத கேள்விதான், ஆனா ஒரு லெபோரட்டரியே அதுக்குப் பின்னால வேலை செய்யுது.

இதுக்கு வழி பயோலொஜிக்கல் சயன்ஸ். வந்தாறுமூலையில கிழக்குக் கம்பஸிட சயன்ஸ் பெகல்ட்டி இருக்கு, சம்மாந்துறையில தென்கிழக்கு கம்பஸிட பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கு, பேராதனையில மூலக்கூற்று உயிரியலுக்கே தனி டிப்பார்ட்மென்ட் இருக்கு. டியூஷன் பீஸ் இல்ல, தகுதி இருந்தா மகாபொல உதவிப்பணமும் வரும். ஸ்பெஷல் (ஒனர்ஸ்) டிகிரி எடுத்து, கடைசி வருச ரிசர்ச்சைக் கலத்தோட சம்பந்தப்பட்டதா எடுக்கட்டும். அதுக்குப் பிறகு ரெண்டு கதவு. ஒண்டு எம்ப்ரியோலொஜிஸ்ட், ஐவிஎஃப் லெப்ல முட்டையையும் விந்தையும் சேத்துக் கருவைப் பாக்கிற ஆள், உயிருள்ள முட்டையில கதிர் எங்க இருக்கெண்டு முனைவாக்கிய ஒளியில பாத்துட்டு, விந்தை உள்ளுக்கு விடுற ஊசி அதுல படாமக் குத்துறதும் அவங்கட கைதான். அதுக்கு மாஸ்டர்ஸ் வேணும், இந்தியாவுல மணிப்பால்ல இருக்கு. மற்றது பிஎச்டி, நான் சொன்ன அதே கோட்டிங்கன்ல மக்ஸ் பிளாங்கும் யூனிவர்சிட்டியும் சேந்து பட்டதாரிகள எடுத்து இங்கிலீஷ்ல நடத்துற மூலக்கூற்று உயிரியல் கோர்ஸ் இருக்கு, டியூஷன் பீஸும் இல்ல. எம்ப்ரியோலொஜிஸ்ட் வேலை கொழும்புப் பக்கம்தான் கூட, ஊரோட இருக்கணும் எண்டா கஷ்டம், அத மறைக்கல்ல. இங்கிலீஷ இண்டைக்கே தொடங்கணும், ரிசல்ட்டுக்கும் கம்பஸுக்கும் இடையில கிடைக்கிற மாசங்கள சும்மா விடாதீங்க.

யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) போர்ம்ல எந்தக் கோர்ஸ் முதல் எண்ட ஓடர மகளே எழுதட்டும், மாமாட போன் வரக்குள்ள மாத்த வேணாம். ஏஜென்சிக்கு ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்திருந்தா ரசீதக் கொண்டு வாங்க, இனி ஒரு சதமும் கட்டாதீங்க.